தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வெல்லம்

ராயபுரத்து ஜட்காக்காரர்களில் சவுக்கை வெறும் அலங்காரத்துக்கு வைத்திருந்த ஒரே ஆள் தாமோதரன்தான். வண்டியின் வலப்பக்கம் அதைச் செருகி, நுனியில் சிவப்புக் குஞ்சம் வேறு கட்டியிருந்தான். கல்மண்டபத்து ஸ்டாண்டில் மற்ற வண்டிக்காரர்கள் விடுவார்களா? "இன்னா தாமு, கொஞ்சம் பூவும் சுத்திடேன், ஜோரா இருக்கும்" என்பார்கள். அவன் சிரித்துக்கொண்டே மடியிலிருந்து ஒரு துண்டு வெல்லத்தை எடுத்து ராணியின் வாயருகே நீட்டுவான். ராணி அவன் ஓட்டிய குதிரை. பழுப்பு நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைச் சுழி. குதிரையும் வண்டியும் நாலு ஜட்கா வைத்திருந்த அருள்பிரகாசத்துக்குச் சொந்தம். அந்த விவரத்தை ராணியிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அவளுக்குத் தாமோதரன்தான் எல்லாம்.

அவன் ஏன் சவுக்கைத் தொடுவதில்லை என்பது மங்கைக்கு மட்டும் தெரியும். மங்கை அவன் மனைவி. திருவொற்றியூர்த் தீப்பெட்டித் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிற வேலை. கல்யாணமான புதிதில் ஒருநாள், அவன் தலையில் ஒட்டியிருந்த புல்லை எடுக்கலாமென்று கையைத் தூக்கினாள். அவ்வளவுதான், ஆறடி மனிதன் முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டு சுவரோடு ஒண்டிக்கொண்டான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு மெல்லக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது.

அவன் அப்பா அப்பாவுவும் ஜட்காக்காரர்தான். ஒன்பது வயதில் பையன் கையில் கடிவாள வாரைக் கொடுத்தார். தப்பாக இழுத்தால் சவுக்குக் கட்டை காதோரம் இறங்கும். சரியாக இழுத்தால்? சரியாக இழுத்தால் ஒன்றும் கிடையாது. அந்த முறை அடி விழாது, அதுதான் பரிசு. இப்படிப் படித்த படிப்பில் தாமோதரன் குதிரையைப் பார்க்கக் கற்றதைவிட அப்பாவின் வலது கையைப் பார்க்கக் கற்றதுதான் அதிகம். அந்தக் கை எப்போது எழும், எவ்வளவு வேகத்தில் வரும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அப்பாவு செத்துப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. ஆனால் யார் கை சட்டென்று மேலே போனாலும் இவன் முழங்கையும் கூடவே போகும்.

அன்றிலிருந்து மங்கை ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். அவன் வேர்வையைத் துடைப்பதானாலும், தலைக்கு எண்ணெய் வைப்பதானாலும், "நான்தான்யா" என்று முதலில் குரல் கொடுப்பாள். அப்புறம்தான் கை மேலே போகும். பன்னிரண்டு வருஷமாக இப்படியேதான்.

வினை வந்தது ஐம்பத்தொன்றாம் வருஷத்து மழைக்காலத்தில். தண்டையார்பேட்டை ரயில்வே கேட்டில் வண்டி காத்து நின்றபோது, துறைமுகத்துச் சரக்கு ரயில் எஞ்சின் ராணியின் மூஞ்சிக்கு நேராக நீராவியை உஸ்ஸென்று விட்டது. ராணி முன்னங்கால் இரண்டையும் தூக்கிக் கத்தினாள். தாமோதரன் குதித்து இறங்கி, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல" என்று வெல்லம் கொடுத்துத் தேற்றினான். அதில் தப்பென்று யார் சொல்ல முடியும்?

மறுநாள் ரயிலே இல்லை. கேட் ஆவென்று திறந்து கிடந்தது. ராணி தண்டவாளத்துக்கு இரண்டடி முன்னால் நின்றுகொண்டாள். பாவம், பயம் போகவில்லை என்று இறங்கிப் போய் வெல்லம் கொடுத்தான். தின்றாள், நடந்தாள். அதற்கு மறுநாளும் அப்படியே. பொங்கல் வருவதற்குள் ஒரு துண்டு இரண்டானது, இரண்டு நாலானது. பின்னால் பஸ்காரன் ஹார்ன் அடிப்பான். கேட்காரர் குமாரவேல் பச்சைக்கொடியை ஆட்டிக்கொண்டு திட்டுவார். வெள்ளிக்கிழமை திருவொற்றியூர் கோயிலுக்குப் போகிறவர்கள், "குதிரைக்கு நைவேத்தியம் முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு இறங்கி நடந்தே போய்விடுவார்கள்.

சவாரி குறைந்தது அருள்பிரகாசத்தின் காதுக்கு எட்டாமல் இருக்குமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்த கையோடு, கக்கத்தில் குடையுடன் லாயத்துக்கே வந்துவிட்டார்.

"தாமோதரா, கேட்டைத் தாண்டாத குதிரை எனுக்கு இன்னாத்துக்கு? வர்ற ஞாயித்துக்கிழமை நானே வண்டில குந்திக்கினு வருவேன். தாண்டிச்சுன்னா சரி. இல்லேன்னா தோல்மண்டிக்காரன் கேட்டுக்கினே கீறான், அவனாண்ட தள்ளி வுட்டுருவேன்."

"மொதலாளி, எட்டு வயசுதான் ஆவுது மொதலாளி, இன்னும் ரொம்ப வருஷம் ஓடும்..."

"அத்த அதுக்கிட்ட சொல்லு" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

தோல்மண்டி என்றால் என்னவென்று ஜட்காக்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை; அங்கே போகிற குதிரை தோலாகத்தான் வெளியே வரும். அன்று தாமோதரன் சோற்றில் கை வைக்கவில்லை.

மறுநாள் ஸ்டாண்டில் பக்கத்து வண்டி ரகுபதி அவன் தோளில் தட்டினான். கெட்டவனில்லை ரகுபதி, நல்லதென்று நினைத்துத்தான் சொன்னான். "மாமு, செல்லம் குடுத்துக் கெடுத்துட்டே. ரெண்டு இழு இழுத்துப் பாரு, பறக்கும். அதோட உசுரு உனுக்குப் பெருசா, உன் வீம்பு பெருசா?"

அந்தக் கேள்வி தாமோதரனைக் குடைந்தது. அன்று கேட்டில் ராணி நின்றதும் குஞ்சத்தைப் பிடுங்கி எறிந்தான். கண்ணை மூடிக்கொண்டு சவுக்கால் மூன்று முறை இழுத்தான். ராணி ஒரே பாய்ச்சலில் தண்டவாளத்தைத் தாண்டினாள். வண்டியிலிருந்த மீன்கார அம்மாள், "அடப்பாவி, என் கூடை!" என்று அலறினாள். ஆனால் வண்டி தாண்டிவிட்டது! ரகுபதி சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டு இறங்கி, வழக்கம்போல் வெல்லத்தை எடுத்துக் கையை நீட்டினான்.

ராணி கழுத்தை வளைத்து, காதைப் பின்னால் மடித்து, கண்ணின் வெள்ளை தெரிய, முகத்தை இழுத்துக்கொண்டாள்.

அந்த அசைவு தாமோதரனுக்குத் தெரிந்த அசைவு. ஒன்பது வயதிலிருந்து அவன் உடம்பிலேயே குடியிருப்பது. நடுத்தெருவில், வெல்லம் வைத்த கையை அவன் மெல்லக் கீழே இறக்கினான்.

சவுக்கின் பவிசு ஒருநாள் கூத்துத்தான். செவ்வாய்க்கிழமை ராணி கேட்டுக்கு ஐம்பது கஜம் முன்னாலேயே நின்றுவிட்டாள். அவன் ஆசனத்தில் அசைந்தாலே அவள் தோல் சிலிர்த்தது. லாயத்தில் அவன் நுழைந்தால் மூலைக்குப் போய் சுவரைப் பார்த்து நின்றாள். கொள்ளுத் தொட்டியை வைத்துவிட்டு அவன் வெளியே போன பிறகுதான் தின்றாள்.

மங்கை வேலை முடிந்து வந்தபோது அவன் லாயத்து வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். "எங்கப்பன் எனுக்குப் பண்ணத நான் அதுக்குப் பண்ணிட்டேன் மங்கை."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான்தான்யா" என்று சொல்லி அவன் முதுகைத் தடவினாள். "ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. போன மாசம் உன் வண்டில வேலைக்கு வந்தேனே, அப்போ கேட்டாண்ட அது காதப் பார்த்தியா?" என்றாள்.

"காதா?"

"முன்னாடி நீட்டிக்கினு, ஜாலியா இருந்துச்சு. பயந்த குதிரைக்குக் காது அப்டியா இருக்கும்? நீ எப்போ எறங்குவேன்னு பார்த்துக்கினு நின்னுச்சுயா. நின்னா வெல்லம், நடந்தா ஒண்ணுமில்ல. நீதான நிக்கக் கத்துக் குடுத்தே?"

தாமோதரன் திரும்பி லாயத்துக்குள் ராணியின் காதைப் பார்த்தான்.

"நம்ம வூட்டு காக்கா கீதே, அதுகூட என் தப்புதான்" என்றாள் மங்கை. "ஒருநா விடியக்காலைல தகரத்த டங்கு டங்குன்னு தட்டிச்சு. தூக்கம் கெடுதேன்னு எழுந்து சோறு வெச்சேன். இப்போ தெனம் தட்டுது. சோறு வெச்சு நானே அலாரம் வாங்கிக்கினேன்."

அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "இப்போ இன்னா செய்றது? என் கையக் கண்டாலே அதுக்கு ஆவல."

"வெல்லத்த தண்டவாளத்துக்கு அந்தாண்ட வெப்போம். கை பத்தி அப்புறம் பாக்கலாம்."

குமாரவேலைப் பிடித்துக் கெஞ்சினார்கள். திட்டினாலும் நல்ல மனுஷர். மூன்று மணியிலிருந்து ஐந்து வரை ரயில் கிடையாது என்று சொல்லி, ஓரமாக நடத்திக்கொள்ள விட்டார். புதன்கிழமை வண்டியைப் பூட்டாமல் ராணியை வெறும் கயிற்றில் பிடித்துக்கொண்டு தாமோதரன் நின்றான். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மைல்கல் பக்கத்தில் மங்கை வெல்லத்தோடு நின்றாள். ராணி நின்றால் அதட்டல் கிடையாது, கொஞ்சலும் கிடையாது, காத்திருப்புத்தான். ஒரு அடி எடுத்து வைத்தால் மங்கை ஓடி வந்து ஒரு துணுக்கு கொடுப்பாள். வேர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓடிப்போய் நிற்பாள். எட்டு மணிநேரம் நின்றபடி பெட்டி அடுக்கிவிட்டு வந்த கால், வலிக்காதா, சொல்லுங்கள்.

தாமோதரனுக்கு மிகக் கஷ்டமாக இருந்தது சும்மா இருப்பதுதான். கொடுக்கத் துடித்த கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். வியாழனன்று ராணி முதல் தண்டவாளத்தைத் தாண்டினாள். வெள்ளியன்று இரண்டையும். சனிக்கிழமை வண்டியில் பூட்டியதும், பாதி வழியில் ஒருமுறை தயங்கி, தானே நடந்துபோய் மைல்கல்லுக்குப் பக்கத்தில் நின்றாள். மங்கை கொடுத்ததைத் தின்றாள். தாமோதரன் நீட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் அந்தத் துண்டைக் கல்லின் மேல் வைத்துவிட்டு நாலடி தள்ளிப் போனான். அப்புறம் தின்றாள்.

"வருது பாரு, கிட்ட வருது" என்றாள் மங்கை. அவனுக்கு நம்பிக்கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அருள்பிரகாசம் வெள்ளைக் கோட்டோடு ஏறி உட்கார்ந்தார். வண்டி கனத்தால் ஒரு பக்கம் சாய்ந்தது. மங்கை வரவில்லை, வந்தால் குதிரை அவளைப் பார்த்துத்தான் தாண்டியது என்று முதலாளி சொல்வார் என வீட்டிலேயே இருந்துவிட்டாள். கேட் திறந்திருந்தது. தண்டவாளத்துக்கு இரண்டடி முன்னால் ராணி நின்றாள்.

"தெரியும்டா எனுக்கு" என்றார் அருள்பிரகாசம். "எடு சவுக்க."

தாமோதரன் வாரைத் தளர விட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டான். பின்னால் பஸ்காரன் ஹார்ன் அடித்தான். தோல்மண்டியின் நாற்றமே மூக்கில் ஏறுவது போலிருந்தது அவனுக்கு.

"காது கேக்கல? எடுடா!" முதலாளியே சவுக்கை உருவி நீட்டினார். அந்தக் கை மேலே வந்ததும் தாமோதரனின் முழங்கை பாதி எழும்பியது. அதைப் பல்லைக் கடித்துக் கீழே இறக்கினான்.

"அடிக்க மாட்டேன் மொதலாளி. கொஞ்சம் பொறுங்க. அதுவே போவும்."

முதலாளிக்கு முன்னால் அவன் 'மாட்டேன்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் அசந்துபோய் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் ராணியின் காது முன்னால் திரும்பியது. மைல்கல்லைப் பார்த்தாள். ஒரு கால் வைத்தாள். மறுகால் வைத்தாள். சக்கரம் தண்டவாளத்தில் இரண்டு முறை தடதடத்து இறங்கியது. கல்லுக்குப் பக்கத்தில் போய் அவளாகவே நின்றாள். குமாரவேல் பச்சைக்கொடியைத் தலைக்கு மேல் ஆட்டினார்.

தாமோதரன் இறங்கினான். துண்டைக் கல்லின் மேல் வைக்கப் போனவன், என்ன தோன்றியதோ, உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டான். கையைத் தாழ்த்தி, அவளுக்கு நன்றாகத் தெரியும்படி, விரித்துப் பிடித்தான். ராணி முகத்தை இழுத்துக்கொண்டாள். காது மடங்கியது. அவன் அசையவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அந்த முகம் திரும்பி வந்தது. உதடு உள்ளங்கையைத் தொட்டது. வெல்லம் போன பிறகும் நாக்கு அந்தக் கையை நக்கிக்கொண்டே இருந்தது. அவன் அவள் கன்னத்தில் தன் கன்னத்தை வைத்துக்கொண்டு கேவினான்.

"குதுர தாண்டிச்சு, சரி. நீ இன்னாத்துக்குடா அழுவுற?" என்று முணுமுணுத்தார் அருள்பிரகாசம். "ஏறு. திரும்பி வர்றப்பவும் தாண்டுதான்னு பாக்கணும்." அப்போதும் தாண்டினாள். சவுக்கை அவரே பழைய இடத்தில் செருகிவிட்டு இறங்கிப் போனார். தோல்மண்டிப் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை.

சாயங்காலம் வீட்டு வாசலிலேயே நின்றபடி தாமோதரன் நடந்ததெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னான். சந்தோஷத்தில் மங்கைக்கு எல்லாம் மறந்துபோனது. அவன் கன்னத்தில் குதிரையின் எச்சிலும் வெல்லமும் காய்ந்து ஒட்டியிருந்ததைப் பார்த்தவள், துடைத்துவிடலாமென்று சட்டென்று கையைத் தூக்கிவிட்டாள். 'நான்தான்யா' என்று சொல்லவில்லை.

அவன் தலை பின்னால் போனது. முழங்கை எழும்பியது. இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

மங்கை கையை இழுத்துக்கொள்ளவில்லை. மெல்லத் தாழ்த்தி, அவனுக்கு நன்றாகத் தெரியும்படி விரித்து, சும்மா பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமென்று தெரியாது. முழங்கை இறங்கியது. அவன் முகம் தானாக வந்து அந்தக் கையில் படிந்தது.

அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். அவன் மடியைத் துழாவி, மிச்சமிருந்த வெல்லத் துண்டை எடுத்து அவன் வாயில் வைத்தாள்.

"துன்னு. தாண்டிட்ட இல்ல" என்றாள்.