என் தாடைச் சதை பஸ் ஏறிய கதை

முப்பது வருடமாக என் தாடைக்குள் குறுக்கே படுத்துக் கிடந்த ஞானப்பல்லை இன்று காலை பிடுங்கினார்கள். மருத்துவர் இழுத்த இழுப்பில் வாளையாறு மலை ஒரு சாண் நகர்ந்திருக்கும்.

பல் மட்டும் என்றால் ஊருக்கே விருந்து போட்டிருப்பேன். அதைச் சுற்றியிருந்த சதை பையாக வீங்கி, எலும்பைத் தின்றிருக்கிறதாம்.

"என்னன்னு டெஸ்ட் பண்ணித்தான் சொல்ல முடியும்" என்று அந்தச் சதையை மருந்துத் தண்ணீரில் போட்டு, குப்பியை என் கையிலேயே கொடுத்தார். பாலக்காட்டு லேபில் சேர்க்க வேண்டும்.

பஸ்ஸில் பக்கத்துத் தோப்புக்காரர் பழனிச்சாமி வந்து உட்கார்ந்தார். எனக்கோ வாய் நிறையப் பஞ்சு.

"ஏனுங் மாமா, கிருஷிபவனுக்குங்களா?"

எங்கள் பக்கத்தில் குப்பியோடு பஸ் ஏறுகிறவன், தென்னையில் பிடித்த புழுவை கிருஷிபவன் விவசாய அதிகாரியிடம் காட்டத்தான் போவான். பழனிச்சாமி குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கூன்வண்டுப் புழுவாட்ட இருக்குதுங்க. எத்தன மரத்துல?"

ஒரு விரலைக் காட்டினேன்.

"வெளிய தெரியறப்ப உள்ள பூரா தின்னு முடிச்சிருக்குமுங்க. எதுக்கு வீணா அலையறீங்க? வெட்டித் தீ வெச்சுருங்க மாமா. பக்கத்து மரமாச்சும் பொழைக்கும்."

ஏழு ஊர்ப் பஞ்சாயத்தைப் பேசியே கலைத்த வாய் இது. தலையை மட்டும் ஆட்டினேன்.

குப்பியை லேபில் கொடுத்தாயிற்று. முடிவு வரப் பத்து நாளாகுமாம்.

வண்டு விழுந்தும் பிழைத்த தென்னை யார் தோப்பிலாவது நின்றால் கீழே கமெண்டில் எழுதுங்கள். பொய்யாக இருந்தாலும் சரி, எழுதுங்கள்.