பச்சை வந்தும் நான் அனுப்பாத கோப்பு

எங்கள் வேலையில் தப்புச் செய்தவர் பேர் வெளியே வராது. கடைசியாகப் பார்த்தவர் பேர்தான் வரும். மலேசியாவில், கூலிம் ஊரில் இயந்திரக் கையேடுகளை எக்ஸ்எம்எல் கோப்பாக்கும் சின்ன ஆபீஸில் அந்தக் கடைசி ஆள் நான். படிப்பு படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு சரி, வீட்டில் இரண்டு வயது மகள். உங்களிலும் இப்படி மாட்டிக்கொண்டவர்கள் இருப்பீர்கள்.

இலவசக் கருவி

எக்ஸ்எம்எல்லில் தலைப்பு, படி, எச்சரிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் பேர் ஒட்டியிருக்கும். எது எங்கே வரலாம் என்று வாடிக்கையாளர் ஒரு ஸ்கீமா கொடுப்பார். அதோடு ஒத்துப்போனால் எங்கள் இலவசக் கருவி பச்சை காட்டும். பச்சை வந்தும் இரண்டு கோப்பு திரும்பி வந்தன. ‘மூடியைத் திற’ முதலில், ‘மின்சாரத்தை நிறுத்து’ அதற்கப்புறம்! எச்சரிக்கை எங்கே வேண்டுமானாலும் வரலாம் என்கிறது ஸ்கீமா. சூப்பர்வைசர் சேகர் அண்ணன் சொன்னார்: “இன்னொன்னு திரும்பி வந்தா உன் கான்டிராக்ட் அவ்வளவுதாம்மா.”

விலையுள்ள கருவி

பினாங்கிலிருந்து ஒருவர் வேறொரு கருவியை விற்க வந்தார். நான் திரும்பி வந்த கோப்பைப் போட்டுக் காட்டச் சொல்லி பென்டிரைவை நீட்டினேன். அதிலும் பச்சை. “இது ஆளே செத்துப்போற தப்பு சார், ஏன் சொல்லல?” என்றேன். அவர் சிரித்தார். “நீங்க நினைக்கிற விதியெல்லாம் பார்க்கணும்னா தனி லைசென்ஸ் தங்கச்சி. கலரைப் பாருங்க, எவ்வளவு அழகு!”

மூன்றாவது கோப்பு

அடுத்த வாரம் அதே தப்போடு இன்னொன்று. பச்சைதான். வாடிக்கையாளர் போனில் காத்திருக்க, திருத்த நேரம் தராமல் “அனுப்பு லா” என்றார் சேகர் அண்ணன். மவுஸை விட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டேன். “மாட்டேன் அண்ணே. வேணும்னா உங்க பேர்ல அனுப்புங்க.” அவர் அனுப்பவில்லை. பக்கத்து மேசை ஆயிஷா மலாயில் கேட்டாள்: “உனக்கு வாய் இருக்கா?”

கறுப்புத் திரை

அந்த ஆயிஷாதான் மூன்றாவது கருவியைத் தேடிப் பிடித்தாள். இலவசம், வெறும் கறுப்புத் திரை. ஆனால் ஸ்கீமாவுக்கு மேல் நாம் எழுதும் விதியையும் பார்க்கும். ‘மின்சார எச்சரிக்கை முதல் படிக்கு முன்னால் வரவேண்டும்’ என்று நான் சொன்னேன், அவள் அதைக் கருவிக்குப் புரியும்படி எழுதினாள். மேனேஜர் முன்னால் மூன்று கோப்பையும் மூன்று கருவியிலும் ஓட்டினோம். முதல் இரண்டிலும் எல்லாம் பச்சை. கறுப்புத் திரையில் மூன்றும் சிவப்பு. “விதி யாருடையது?” என்றார் மேனேஜர். சேகர் அண்ணன் கூரையைப் பார்த்தார். “என்னுடையது” என்றேன், யார் காதிலும் விழாததைப்போல இன்னொரு தடவையும் சொன்னேன். கறுப்புத் திரையையே எடுத்துக்கொண்டார்கள், விதி சொல்லும் வேலை எனக்கு. கான்டிராக்ட் தாளை நீட்டியபோது சேகர் அண்ணன் சொன்னார்: “ஆறு மாசம்தாம்மா, ரொம்ப ஆடாதே.”

இப்போது நான் பார்த்து முடித்த கோப்புகளே வாரத்தில் இரண்டு தடவை சிவப்பாகின்றன, ஆனால் திட்டுவது நான் போட்ட விதி என்பதால் அந்த ஒரு அதட்டலுக்கு மட்டும் தலை குனிகிறேன்.