கிரீடத்தின் காலில் விழுந்த மந்திரி

மேலுதட்டில் ரப்பர் பால் காயும்போது ஒரு புளித்த வாடை வரும் பாருங்கள்... இத்தனை வருடம் கழித்தும் மூக்கை விட்டுப் போகவில்லை. நாடகத்துக்கு ஆட்டு மயிர் மீசையை ஒட்ட எங்களுக்கு வேறு பசை ஏது? வாளியில் மிஞ்சிய பாலைத்தான் தடவுவோம். பிய்க்கும்போது சொந்த மீசையும் கையோடு வந்துவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவில் காம்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். திருவிழாவுக்கு எங்கள் ஆட்களே பாட்டு நாடகம் போடுவோம். ஈப்போவிலிருந்து ஆர்மோனியப் பெட்டியோடு ஒரு வாத்தியார் வந்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஸ்டோருக்குப் பின்னால் பழக்குவார்.

எல்லோரையும் பாட வைத்துக் கேட்டார். "ராஜா வேஷம் முனியனுக்குத்தான். இந்தத் தொண்டை வேற யாருக்கு இருக்கு?" என்றார்.

முனியன் நான்தான். தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடுகளில் கடைசி லயத்துக்காரன். எங்கள் சாதிக்கு அதுவரை காவல்காரன் வேஷமும் கோமாளி வேஷமும்தான்.

இரண்டு மாதம்... மரத்துக்கு மரம் பால் வெட்டிக்கொண்டே பாடினேன். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி, தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளை ஒட்டி நானே கிரீடம் செய்தேன். நடைகூட மாறிவிட்டது. "ராஜா, கஞ்சி ஆறிப்போவுது, வாங்க" என்று பெண்டாட்டி கிண்டல் செய்வாள்.

மந்திரி வேஷம் கங்காணியின் மச்சான் ராமசாமிக்கு. மூன்றாம் காட்சியில் மந்திரி தன் பிழையைப் பாடி, ராஜாவின் காலில் விழ வேண்டும். அதைப் பழகிய அன்று ராமசாமி விறைத்துக்கொண்டு நின்றான்.

"இவன் கால்ல நான் விழுறதா? என் வீட்டு வாசப்படி ஏறாத பயல். வேற ஆளைப் பாருங்க."

வாத்தியார் அவனை வெளியே போகச் சொன்னாரா? அந்த மனுஷனுக்கு அவ்வளவு துணிச்சல் ஏது! தாடியைச் சொறிந்துவிட்டு ஒரு முக்காலி கொண்டுவரச் சொன்னார். அந்தக் காட்சி வந்ததும் நான் கிரீடத்தைக் கழற்றி முக்காலியில் வைத்துவிட்டு ஓரமாகத் தள்ளி நிற்க வேண்டுமாம். மந்திரி கிரீடத்துக்கு விழுந்து எழுவாராம். அப்புறம் நான் வந்து எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டுமாம்.

"கிரீடத்துக்கு விழலாம், தப்பில்ல" என்று ராமசாமியும் இறங்கி வந்தான். என்ன பெரிய மனசு!

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தகரம் உசத்தி, நான் மட்டமா? அந்தத் தகரத்தை வெட்டி ஒட்டியதே இந்தக் கைதானே! ஒவ்வொரு ஞாயிறும் பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றினேன்.

ராணி வேஷம் போட்ட மாணிக்கத்திடம் மட்டும் சொன்னேன். "திருவிழா அன்னிக்கு கழட்ட மாட்டேன் மச்சான். என்ன செஞ்சுருவானுங்க, பாத்துருவோம்."

"கழட்டாதடா. நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

அந்த நாளும் வந்தது. பொழுது சாயும்போது தொடங்கினோம். கடைசி லயம் மொத்தமும் என்னைப் பார்க்கத் தரையில் உட்கார்ந்திருந்தது. கங்காணி நாற்காலியில்.

மூன்றாம் காட்சி. முக்காலி வந்தது. நான் அசையவில்லை.

ஆர்மோனியம் ஒரே அடியை இரண்டு முறை, மூன்று முறை வாசித்தது. ராமசாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கங்காணி மேடையைப் பார்க்கவில்லை. மெல்லத் திரும்பி என் அப்பாவைப் பார்த்தார். எங்கள் வேலையும் குடியிருந்த வீடும் அவர் கையில்.

அப்பா எழுந்தார். என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார்... பெற்ற பிள்ளையைப் பார்த்து!

கழற்றினேன். தள்ளி நின்றேன். அவன் தகரத்தின் காலில் விழுந்தான். கங்காணி கை தட்டினார்.

இப்போது ஈப்போவில் என் பேரன் பள்ளிக்கூட நாடகத்துக்கு ராஜா வேஷம் பழகுகிறான். மந்திரிப் பையன் தொப்பென்று காலில் விழுகிறான். இருவரும் சிரித்து உருள்கிறார்கள். யார் எந்த லயம் என்று அதுகளுக்குத் தெரியாது. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது... ஆனாலும் வயிறு எரிகிறது.

இதைச் சொன்னால், "விடுங்கண்ணே, வெறும் நாடகந்தானே" என்கிறார்கள்.

வெறும் நாடகம்தானே? அப்படியென்றால் அவன் விழுந்திருக்கலாமே!