ஒப்பாரியில் ஒரு திருத்தம்

மலைநாட்டுத் தலைநகரான பிஷ்கெக்கில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கனிஷாய் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்தாள். யார் எதை எழுதிக் கொடுத்தாலும் தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே கேள்வியை எழுதித் திருப்பிவிடுவாள்: "இதைச் சொல்வது யார்?" பிள்ளைகள் அவளுக்கு வைத்த பட்டப்பெயரே ‘யாரக்கா’ என்பதுதான். அது காதில் விழுந்தால் அவளும் சிரித்துக்கொள்வாள்.

அங்கே ஆசிரியையை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்லூரி முழுவதும் கூப்பிட்டபோது உறுத்தாத அந்தச் சொல், ஒருத்தி கூப்பிட்டபோது மட்டும் முள்ளாகக் குத்தியது. அந்த ஒருத்தி அவள் பெற்ற மகள் மேரிம்.

தலைச்சன் பிள்ளை கணவனைப் பெற்றவர்களுக்கு என்பது அந்த மலை ஜனங்களின் வழக்கம். மேரிம் பால்குடி மறந்ததும் நாரின் என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாமியார் சாபிரா வந்து, தன் மேல்கோட்டுக்குள் போர்த்தித் தூக்கிப் போனாள். கனிஷாய் அப்போது மேல்படிப்பில் மூழ்கியிருந்தாள். அழுதாள். ஆனால் வீடு அமைதியானதும் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதியை அவள் கடைசிவரை தனக்கு மன்னிக்கவில்லை. மேரிம் பேசத் தொடங்கியதும் சாபிராவை அம்மா என்றாள், பெற்ற தகப்பன் எர்மெக்கை அண்ணன் என்றாள், இவளை அக்கா என்றாள். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். வளரத்தான் செய்தது, வேறொருத்தியை அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு.

கொடுத்த பிள்ளையைத் திருப்பிக் கேட்பது மாமியாரை உயிரோடு புதைப்பதற்குச் சமம். அதனால் கனிஷாய் வாய் திறக்கவில்லை. ஆனால் போன இலையுதிர் காலத்தில் சாபிராவே தொலைபேசியில் கூப்பிட்டாள். நெஞ்சு நோவு அவளை வீட்டோடு முடக்கியிருந்தது.

"புள்ளய உன்கூடக் கூட்டிட்டுப் போ. நான் இருக்கும்போதே போனா, நானே சொல்லி உன்ன அம்மான்னு கூப்பிட வைப்பேன். நான் போனப்புறம் யாரு சொல்லுவா?"

பதின்மூன்று வருஷமாகக் கனிஷாய் காத்திருந்த வார்த்தை அது. அதற்கு அவள் சொன்ன பதில், "பரீட்சைப் பேப்பர் மலையா கெடக்கு அத்தே. முடிச்சிட்டு வந்துடறேன்" என்பது. அவளைச் சொல்லியும் குற்றமில்லை. ஒரு கல்லூரிச் சம்பளம் போதாமல் இரண்டு கல்லூரிக்கு ஓடுகிறவள். மேரிமுக்கென்று ஒரு கட்டில் வாங்கி ஜன்னலோரம் போட்டாள். மறுநாளே அதன்மேல் பேப்பர் கட்டுகள் ஏறிக்கொண்டன. அவை இறங்குவதற்குள் சாபிரா போய்விட்டாள்.

எர்மெக்கும் அவளும் பனி மூடிய கணவாய் தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் கூடாரம் எழும்பியிருந்தது. உள்ளே திரைக்குப் பின்னால் சாபிரா கிடந்தாள். கறுப்பு உடுத்திய பெண்கள் கூடாரச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். ஒப்பாரி ஆகாது என்று முல்லா வாசலில் முனகிவிட்டு, வெளியே தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

எர்மெக்கின் அக்கா நுர்ஜமால், மேரிமுக்குப் பெரியக்கா, பக்கத்து வீட்டுக்காரி. கண்ணைத் துடைத்துக்கொண்டே கனிஷாயை ஓரமாக இழுத்தாள்.

"ஊருப் புள்ளைங்களுக்கெல்லாம் எழுதச் சொல்லிக் குடுக்குறியே டீச்சரம்மா, நம்ம புள்ளைக்கு நாலு வரி எழுதிக் குடு. மகக்காரி ஒப்பாரி வைக்கலேன்னா நாளைக்கு ஊரு பேசும்."

மகக்காரி. பெற்றவள் கனிஷாய், மகள் சாபிராவுக்கு. ஆனாலும் அடுப்படியில் உட்கார்ந்து எழுதினாள். எழுதும்போது ஒரு சின்னத் திருட்டுத்தனம் செய்தாள். அம்மா என்று வர வேண்டிய இடமெல்லாம் பாட்டி என்று எழுதினாள். வழக்கத்துக்குத்தான் பொய் தெரியும், ரத்தத்துக்குத் தெரியாது என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். மேரிம் ஒருமுறை ஊர் கேட்கப் பாட்டி என்று சொல்லிவிட்டால் பிறகு சரியாகிவிடும் என்று நம்பினாள்.

மேரிம் வாங்கிப் படித்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. படித்துவிட்டு நிமிர்ந்து, கோபமே இல்லாமல், நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

"அக்கா, இதைச் சொல்றது யாரு?"

கனிஷாய் தாளை எட்டிப் பார்த்தாள்.

"பாட்டின்னு இருக்கே, அதான் கேட்டேன். நான்தானே சொல்லணும்?"

எத்தனையோ தாள்களில் இவள் கேட்ட கேள்வி. உனக்கு என்ன சொல்லத் தோன்றுகிறது என்று கேட்டாள் கனிஷாய். பள்ளிக்கூடம் போகும்போது காது குளிரும் என்று தொப்பிக்குள் கம்பளி வைத்து அம்மா தைத்துக் கொடுப்பாள், அதை எழுதுங்கள் என்றாள் மகள். கனிஷாய் பேனாவை எடுத்தாள். பாட்டி என்று இருந்த ஒவ்வொரு இடத்தையும் அடித்துவிட்டு, அதன்மேல் தன் கையாலேயே அம்மா என்று எழுதினாள். ஓசைக்கும் அதுதான் பொருந்தியது. அந்த நேரத்திலும் அது அவள் காதுக்குத் தெரிந்ததே என்று அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

மேரிம் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இடுப்பில் கைவைத்து ஒப்பாரி எடுத்தாள்.

"தொப்பிக்குள்ளே கம்பளி வெச்சுத் தெச்சியே அம்மா, என் காது குளிருமின்னு.
பனிக்குள்ளே உன்னைக் கொண்டு வெக்கிறாங்களே அம்மா, உன் காது குளிராதோ?"

கூடாரமே குலுங்கி அழுதது. பெற்ற மகள் தோற்றாள் போ என்று கிழவிகள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டார்கள். கனிஷாய் மருமகள் வரிசையில் உட்கார்ந்து அழுதாள். யாருக்காக அழுகிறாள் என்று யாரும் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து ஊர் கலைந்த பிறகு, வண்டி கிளம்பும் நேரத்தில் கனிஷாய் கேட்டேவிட்டாள். கட்டில் வாங்கி வைத்திருக்கிறேன், எங்களோடு வந்துவிடு என்றாள். மேரிம் அந்தத் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"நான் பெரியக்காகிட்டயே இருந்துக்கிறேன். உங்களுக்குத்தான் பேப்பர் நெறைய இருக்குமே."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னாள். நுர்ஜமாலின் வீட்டு வாசல்வரை போனவள் எதையோ மறந்தவள்போலத் திரும்பி வந்தாள். கனிஷாய் எட்டி அவள் கையைப் பிடித்தாள்.

"ரொம்ப நல்லா எழுதிக் குடுத்தீங்க அக்கா," என்றாள் மேரிம். "எங்கம்மாவ நேர்ல பாத்த மாதிரியே இருந்துச்சு."