வயிற்றுப்புண் என்றே சொல்லி வைத்தோம்

எனக்கு ஒன்பது வயதானபோது பெரியப்பாவின் வியாதிக்கு எங்கள் வீட்டில் வயிற்றுப்புண் என்று பெயர் வைத்திருந்தார்கள். உண்மைப் பெயரை மதுரை டாக்டர் அப்பாவிடம் மட்டும் சொல்லியிருந்தார். அப்பா அந்த ரிப்போர்ட்டை அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்தார். போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் குடும்பம் நாங்கள். விலை நிலவரம் என்றால் மணிக்கணக்கில் பேசுவோம். சாவைப் பற்றிப் பேசினால் மட்டும் அது வீட்டுக்குள் வந்துவிடும் என்று பயம்.

மதுரையில் இன்னொரு ஆபரேஷன் என்று முடிவானது. பெரியப்பாவைத் தவிர எல்லோரையும் கேட்டார்கள். அவர் சாப்பாடு இறங்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

சித்தப்பா கட்டிக்கொண்டு வந்த சித்தி, மலைமேல் எஸ்டேட்டில் வளர்ந்த கிறிஸ்தவப் பெண். அவர்கள் பக்கம் யாராவது படுக்கையில் விழுந்தால் பாதிரியார் வந்து அருகில் உட்கார்ந்து, மனதில் இருப்பதை நேராகவே கேட்பாராம். கஞ்சி கொண்டுபோன சித்தி எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

"அத்தான், இனி மருந்தால ஆகப்போறது கொஞ்சந்தான். ஒங்களுக்கு எங்க இருக்கணும், எப்படி இருக்கணும்னு சொல்லுங்க."

பெரியம்மா காதைப் பொத்திக்கொண்டார். "வாயக் கழுவும்மா!" என்று அப்பா கத்தினார். எனக்குச் சித்தியைக் கடித்து வைக்கலாம் போல ஆத்திரம்.

பெரியப்பா மெல்லத் திரும்பினார்.

"அவள அதட்டாதப்பா. இதக் கேக்க ஒரு ஆளு வரமாட்டாங்களான்னுதான் கெடக்கேன். டிரம்முல கெடக்குற காயிதத்தப் படிச்சு ஒரு மாசமாச்சு. ஆபரேசன் வேணாம், குழாய் வேணாம். வலிக்கு மட்டும் மருந்து குடுங்க, வீட்டுலயே இருந்துக்கிறேன். ஒருதடவ தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போங்க."

அப்பா தேம்பித் தேம்பி அழுதார். அதன்பிறகு எல்லோரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். நடுவில் சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. மத்தியானம் பெரியப்பா கருவாட்டுக் குழம்பு கேட்டு வாங்கி இரண்டு வாய் சாப்பிட்டார். ஆபரேஷனும் வேண்டாம், சாப்பாடும் இறங்குகிறது என்றால் வியாதி போய்விட்டது என்றுதான் எனக்குப் பட்டது; சித்தியை நான் மன்னித்துவிட்டேன்.

மறுநாள் ஜீப்பில் மலையேறினோம். ஏலச் செடிகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பெரியப்பா பச்சைக் காயை மென்றுகொண்டே களை சரியாக எடுக்கவில்லை என்று ஆட்களிடம் வம்புக்கு நின்றார். அவரை அப்படிப் பார்த்து எத்தனை மாதம்! "பெரியப்பாவுக்கு நல்லாயிருச்சு!" என்று டிரைவரிலிருந்து ஆரம்பித்து எல்லோரிடமும் ஓடி ஓடிச் சொன்னேன்.

"ஆமா ஆத்தா, நல்லாயிருச்சு" என்றார் பெரியப்பா. அப்பா தலையாட்டினார். எதையும் நேராகப் பேசும் சித்தியும் தலையாட்டினாள்.

எங்கள் வீட்டில் விஷயம் தெரியாத ஒரே ஆள் இனி நான்தான் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அடுத்த வருஷம் என் பள்ளி ஆண்டு விழாவுக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று பெரியப்பாவிடம் சத்தியம் கேட்டேன். அவரும் சிரித்துக்கொண்டே என் உள்ளங்கையில் அடித்துக் கொடுத்தார்.