மூன்று பெல்லில் ஒன்று

மூடிப்போன தங்கச் சுரங்கத்து ஊரான சாம்பியன் ரீப்ஸில் யார் புது சிம் வாங்கினாலும் முதலில் ஆனியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவார்கள். ஆனி கம்பெனிப் பெயரெல்லாம் சொல்வதில்லை. அவள் கணக்கில் உலகத்தில் இருப்பது இரண்டே சிம்தான். ஒன்று வீட்டு சிம், இன்னொன்று ரயில் சிம். வீட்டு சிம், சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டுத் தகரக் கூரைக்கு அடியிலும் நாலு கோடு காட்டும். பங்காரப்பேட்டை தாண்டினால் படுத்துவிடும். ரயில் சிம் ஒயிட்ஃபீல்டு வரைக்கும் பேச்சை அறுக்காது. வீட்டுக்குள் நுழைந்தால் ஊமை. சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டுப் பக்கம் போனால் இரண்டுமே 'ஆந்திராவுக்கு நல்வரவு' என்று மெசேஜ் அனுப்பும். பதினேழு வருடமாக விடியற்காலை ரயிலைப் பிடித்து ஒயிட்ஃபீல்டில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸுக்குப் போய் வருகிறவளுக்கு இதெல்லாம் தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

"இன்னாக்கா, எங்க மாமியார் ஊட்ல எது எடுக்கும்?" என்று கேட்டாள் ரயில் சிநேகிதி ராதிகா.

"மாமியார் பேசறது உனக்குக் கேக்கணுமா, கேக்கக் கூடாதா? அத்த மொதல்ல சொல்லு."

ஆனியின் அப்பா பர்னபாஸ் சுரங்கம் மூடும் வரை பெல்மேன். பூமிக்கு அடியில் நின்று, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு மணி அடிக்கும் வேலை. ஒன்று அடித்தால் நில், இரண்டு அடித்தால் இறக்கு, மூன்று அடித்தால் ஆட்கள் ஏறியாச்சு, தூக்கு. சுரங்கத் தூசி நெஞ்சில் தங்கிவிட்டதால் இப்போது நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினால் இருமல் வந்துவிடும். அதனால் போனில் பேச மாட்டார். ரிங் விட்டு வெட்டுவார். ஒன்று வந்தால் எல்லாம் சரி, இருக்கிற இடத்திலேயே இரு. இரண்டு வந்தால் ராபர்ட்சன்பேட்டையில் இறங்கி மருந்து வாங்கி வா. மூன்று வந்தால் உடனே புறப்படு. மூன்றுக்கு இதுவரை வேலை வந்ததில்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு தரம் அவர் தனியாகவே பஸ் ஏறி வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய் வருவார். துணைக்கு யாராவது வருகிறேன் என்றால் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவருடைய பட்டன் போனில் ஆனி போட்டுக் கொடுத்திருந்தது வீட்டு சிம். வேலூரில் ரோமிங்கில் அது எப்படி எடுக்கும் என்று அவள் யோசிக்கவே இல்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை, நுரையீரலில் நீர் கட்டியிருக்கிறது, இன்றே அட்மிட் ஆக வேண்டும், வீட்டு ஆள் யாராவது வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார் டாக்டர். வராந்தாவில் நின்று பர்னபாஸ் மூன்று ரிங் விட்டார். பதினொன்றே காலுக்கு ஆனியின் போன் ஒரே ஒரு தரம் அடித்து நின்றது. "ஸ்தோத்திரம்" என்று சொல்லிப் போனைப் பைக்குள் போட்டுவிட்டு அவள் வேலையைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு மணி வரை அவர் உட்கார்ந்திருந்தார். படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பஸ் ஏறி வீட்டுக்கு வந்தபோது நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது.

"யார் போனாச்சும் வாங்கிப் பேசறதுதானே டாடி!" என்று கத்தினாள் ஆனி.

"மூணு அட்ச்சேன்மா."

போனை எடுத்துக் காட்டினார். மூன்று அழைப்பும் வரிசையாக இருந்தன. அவள் போனில் ஒன்றுதான் இருந்தது. அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப நீ நின்னது சரிதான்," என்றார். இருமி முடித்துவிட்டுத் தொடர்ந்தார். "கீழ மூணு அட்ச்சா, மேலருந்தும் திருப்பி மூணு வரணும். வர்லைன்னா கேஜ் நவுராது. அதான் ஒக்காந்துனே இருந்தேன்."

இந்த விதியை அவர் இத்தனை வருடத்தில் சொன்னதே இல்லை. சுரங்கத்தில் இதைத் தெரியாதவன் எவனும் இல்லை, வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஒரு மனுஷர் பதில் மணிக்குக் காத்திருந்திருக்கிறார்.

அடுத்த படுக்கை கிடைக்க ஒன்பது நாள் ஆகும் என்றார்கள். நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் போகவில்லை. தன் போன், அப்பா போன் இரண்டையும், பக்கத்து வீட்டு எல்வினிடம் கேட்டு வாங்கிய மூன்றாவதையும் தூக்கிக்கொண்டு வேலூர் பஸ்ஸில் போய் வந்தாள். பேர்ணாம்பட்டு மலை இறக்கத்தில் எதுவும் எடுக்கவில்லை. மலை இறங்கியபின் எல்வினுடைய சிம் மட்டும் விடாமல் எடுத்தது. மறுநாளே அதே கம்பெனி சிம் இரண்டு வாங்கி அப்பாவின் போனிலும் தன் போனிலும் போட்டாள்.

அட்மிஷன் நாளன்று இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். துணை வேண்டாம் என்று அவர் இந்தத் தடவை சொல்லவில்லை. ஜன்னல் ஓரம் அவர், பக்கத்தில் அவள். பேர்ணாம்பட்டு தாண்டியதும் ஆனியின் போன் ஒரு தரம் அடித்து நின்றது. மறுபடி அடித்து நின்றது. மறுபடியும் அடித்தது. திரும்பிப் பார்த்தாள். பர்னபாஸ் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் போன் இருந்தது.

ஆனி தன் போனை எடுத்து, திருப்பி மூன்று அடித்தாள்.