வாசலில் நின்ற டாக்டர்

டோலி தூக்கிப் பிழைத்தவன் நான். நடக்க முடியாதவர்களைத் திருத்தணி மலைக்கு ஏற்றி இறக்குவோம். மழையில் ஒரு நாள் படி சறுக்கியது. இடது முழங்கால் போயிற்று. வீட்டில் பார்க்க ஆள் இல்லை. அடிவாரத்தில் ஒரு தர்மச் சத்திரம் இருந்தது. நாதியில்லாத கிழடுகளும் சீக்காளிகளும் அங்கே கிடப்பார்கள். என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

அப்போது சண்டைக் காலம். டாக்டர்கள் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள். எங்களுக்கென்று ஒருவர் செவ்வாய்க்கிழமை ரயிலில் வருவார். கூடத்தின் கடைசியில் வேல் நட்டு விளக்கு வைத்திருந்தது. செருப்புக் காலோடு உள்ளே வரக் கூடாது. டாக்டர் போட்டிருந்தது கயிறு கட்டிய பூட்ஸ். அவிழ்த்துக் கட்ட நேரமாகும். அதனால் வாசற்படியிலேயே நின்றுகொள்வார்.

"என்னப்பா, எல்லாரும் சௌக்கியமா?"

"ஆங்" என்போம். பெரிய மனுஷர் கேட்டால் வேறென்ன சொல்வது?

நடக்க முடிந்தவர்கள் வாசலுக்குப் போய் நாக்கை நீட்டுவார்கள். மற்றவர்களுக்காகச் சத்திரத்து மணியக்காரர் பேசுவார்.

வேலுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு நெசவுக்காரக் கிழவர். ஆர்.கே.பேட்டைப் பக்கம். சாமி அருகில் நல்ல இடம் என்று கொடுத்தது. வாசலுக்கு அதுதான் ரொம்பத் தூரம். அவருக்கும் தங்கை இல்லை, எனக்கும் பெண்டாட்டி இல்லை. ஆனாலும் என்னை மச்சான் முறை வைத்து, தெலுங்கில் பாவா என்பார். என்னோடு பேசினவர் அவர் ஒருவர்தான்.

அவருக்கு அடிவயிறு வீங்கியது. சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் போயிற்று. மணியக்காரருக்குக் கூடத்தில் கிடந்த பொம்பளைகள் காதுபட அதைச் சொல்லக் கூச்சம்.

"வயிறு உப்பிக்கினு இருக்குதுங்க" என்றார்.

வாசலிலிருந்தே ஓம வாசனையோடு ஒரு மருந்து வந்தது. அடுத்த வாரமும் அதே.

"பாவா, இத்த அந்த வேலுக்கு ஊத்து. அவருக்காவது ஏப்பம் வரட்டும்" என்றார் கிழவர். பிறகு கேலியும் நின்றது. சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார்.

அதற்கடுத்த செவ்வாய் டாக்டர் குரல் கேட்டதும் அவரை முதுகில் ஏற்றிக்கொண்டேன்.

"மலைக்கா பாவா?"

"வாசலுக்குத்தான். கெட்டியா புடிச்சிக்கோ."

முழங்கால் வேண்டாம் என்றது. போனேன். பூட்ஸுக்கு முன்னால் இறக்கி வைத்தேன்.

டாக்டர் குனிந்து வயிற்றில் கை வைத்தார். முகம் மாறிவிட்டது.

"நீர் அடைச்சுக்கிட்டிருக்கு. ஏன்யா இத்தனை நாள் சொல்லலை?"

"நான் உள்ள கெடந்தங்க. நீங்க வெளிய நின்னுகினு இருந்தீங்க" என்றார் கிழவர்.

டாக்டர் மணியக்காரர் பக்கம் திரும்பினார். குழாய் விட்டு நீரை எடுக்க வேண்டும், பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்றார். அன்றைக்கே ரயிலேற்றினார்கள். வண்டியில் படுத்தபடி கிழவர் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

அங்கே குழாய் விட்டார்களாம். ஆனால் உடம்பெல்லாம் விஷம் ஏறிவிட்டிருந்ததாம். மறுவாரம் மணியக்காரர் வந்து சொன்னார். சொல்லிக்கொண்டே படுக்கையைச் சுருட்டினார்.

எங்களுக்கு மருந்து இல்லாமல் இல்லை. ஒரு கை வயிற்றைத் தொட வேண்டியிருந்தது, முதல் செவ்வாயே.

அந்தக் கட்டிலுக்கு வேறு ஆள் வர நாளாயிற்று. அதுவரை எனக்கு வாயைத் திறக்க வேலை இல்லை.